கடுக்காய் ஊறிய சுவர்கள்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் தக்கலையில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் பத்மநாபபுரம். வேளிமலைப் பக்கம் கருங்கல் கோட்டை. கோட்டைக்குள் மரத்தால் இழைத்த அரண்மனை. நிற்கும் மண் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம். பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறை. 18ஆம் நூற்றாண்டின் கடைசி வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இதுதான். மரவேலைப்பாடு அப்படிப்பட்டது என்பதால் வருகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்தே நடக்கிறார்கள். அடுப்பங்கரைப் பண்டங்களைக் கொண்டு உயர்தரக் கட்டுமானப் பொருள் செய்த திறமையைப் பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும்.

அரசரின் ஆலோசனைக் கூடமான மந்திரசாலையின் தரை கறுப்பு. எத்தனையோ தலைமுறைக் கால்கள் நடந்தும் பளபளப்பு போகவில்லை. அதன் சேர்மானமாக வழிவழியாகச் சொல்லப்படுபவை சுண்ணாம்பு, மணல், தேங்காய்ச் சிரட்டையைச் சுட்ட கரி, முட்டையின் வெள்ளைக்கரு, சில செடிச் சாறுகள். இவற்றுள் எதுவும் தற்செயலாகச் சேர்ந்ததல்ல. சுண்ணாம்பு கடும் காரம். பூவிலும் வேரிலும் எடுத்த சாயங்கள் பலவும் அதில் பட்டால் நிறம் மாறிவிடும். கரி வெறும் கார்பன் என்பதால் காரம் அதை ஒன்றும் செய்யாது, வெயிலும் வெளுக்க வைக்காது. மாவாக அரைத்த கரித்துகள் சுண்ணாம்பின் நுண்ணிய சந்துகளில் புகுந்து அடைத்துக்கொள்ளும். வெள்ளைக்கருவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு புரதம், மிச்சம் தண்ணீர். காரம் பட்டதும் அந்தப் புரதத்தின் சுருள் அவிழ்ந்து, துகள்களைச் சுற்றி மெல்லிய படலமாகப் படிகிறது. தேய்க்கும்போது மேற்பரப்பு இழைந்துகொடுப்பதற்கு அது ஒரு காரணம்.

அரண்மனையின் ஊட்டுப்புரை இரண்டு தளங்கள் கொண்டது. ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பந்தி போட்ட இடம். பெரிய ஊறுகாய்ச் சாடிகள் இன்னும் இருக்கின்றன. தினமும் தேங்காய் மலை மலையாக உடைந்திருக்கக்கூடிய இடத்தில் சிரட்டைக்குப் பஞ்சம் இருந்திருக்காது. முட்டை விஷயம் வேறு. இத்தகைய கட்டிடங்கள் எல்லாவற்றைப் பற்றியும் லட்சம் முட்டைக் கதைகள் உலவுகின்றன. கேட்கச் சுவையானவை, ஆனால் வெள்ளைக்கரு வழக்கமாகப் போவது கடைசி மெல்லிய பூச்சில்தான். அதற்கு அடியிலுள்ள கனத்த வேலையைச் சுமந்தவை மலிவான பண்டங்கள். அவற்றைப் பார்க்க வடக்கே போக வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து மதுரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை திருநெல்வேலியைத் தாண்டியதும் தாழையூத்தைத் தொடுகிறது. பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் கிடக்கும் வட்டாரம் இது. அந்தக் கல்லை நம்பித்தான் 1949இல் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் இங்கே தன் முதல் ஆலையைத் தொடங்கியது. சிமெண்டுக்கும் பழைய சாந்துக்கும் மூலக்கல் ஒன்றே. பிரிவது சூளையில்.

சுண்ணாம்புக்கல்லோ கடல் சிப்பியோ, இரண்டும் கால்சியம் கார்பனேட். 900 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும். தூய கல் 100 கிலோ போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ வாயுவாகக் காற்றில் கலந்துவிடும். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீறாகும். அந்த 56 கிலோ 18 கிலோ தண்ணீரை உள்வாங்கி 74 கிலோ ஆகும். சுவரில் பூசிய பிறகு அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு, தண்ணீரை விட்டுவிட்டு, மறுபடியும் கல்லாகிறது. சூளையில் இழந்ததைச் சுவரில் திரும்பப் பெறுகிறது. சிமெண்டுக்குக் கல்லோடு களிமண்ணும் சேர்த்து 1,450 டிகிரி வரை சுட வேண்டும். அது தண்ணீரோடு வினைபுரிந்து விரைவாக இறுகுகிறது. வெளியேறிய வாயுவில் ஒரு பகுதியை மட்டுமே, அதுவும் பல்லாண்டுகளில், திரும்ப எடுத்துக்கொள்கிறது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது.

இதைக் கேட்டதும் சுண்ணாம்பைப் புண்ணியப் பொருளாக்கிவிடக் கூடாது. சூளையில் எரித்த விறகின் புகையைச் சுவர் திரும்ப இழுப்பதில்லை. சுண்ணாம்புச் சாந்தை நம்பி இன்றைய அடுக்குமாடியின் தூண்களை எழுப்பவும் முடியாது. பூச்சு, தரை, ஓடு வேயாத மச்சு, பழைய சுவரின் பழுது ஆகியவைதான் அதன் களம். அந்தக் களத்தில் அதற்கு இணை குறைவு.

மதுரையில் திருமலை நாயக்கர் மகால் 1636இல் கட்டப்பட்டது. இன்று நிற்பது முழு அரண்மனையில் ஒரு பகுதிதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் காலத்தில் பெரும்பகுதி பிரித்தெடுக்கப்பட்டது. மிச்சத்தை 19ஆம் நூற்றாண்டில் சென்னை ஆளுநர் நேப்பியர் பழுதுபார்க்கச் செய்தார். வளைவுகளும் குவிமாடங்களும் செங்கல்லும் சாந்தும். மேலே சுதை வேலை. கைக்கெட்டும் உயரத்தில் தூண்கள் முழுக்கக் காதலர் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். இந்தப் பொருளின் பலமும் பலவீனமும் அங்கேயே தெரிகின்றன. சுண்ணாம்பு சிமெண்டைவிட மென்மையானது. கட்டிடம் சற்றே அசைந்தால் அதுவும் விட்டுக்கொடுக்கும். மயிரிழை வெடிப்பு விழுந்தால் மழைநீர் உள்ளே கரைத்த சுண்ணாம்பு அதே வெடிப்பில் படிந்து அதை அடைக்கும். ஆணி முனைக்கு மட்டும் தற்காப்பு கிடையாது.

மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி தொண்ணூறு கிலோமீட்டர் அளவில். செம்மண்ணும் ஊருணிகளும் முள்காடும் மாறி மாறி வரும் வறண்ட நிலத்தில், கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கோட்டையூர் என்று ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும், வணிகச் சமூகமான நகரத்தாரின் வீடுகள். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் எழுந்தவை இவை. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் ஈட்டிய பணம் தேக்குத் தூணாகவும் இத்தாலியப் பளிங்காகவும் வந்து இறங்கியது. செட்டிநாடு எனப்படும் இந்த ஊர்த்தொகுதி 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது.

சுவருக்கு மட்டும் கப்பல் தேவைப்படவில்லை. சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம் அல்லது கருப்பட்டி, முட்டை, அவ்வளவுதான். நடுமுற்றமான வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரச் சுவரில் கை வைத்தால் வெளியே கத்திரி வெயில் காய்ந்தாலும் குளிர்ச்சி. வெள்ளையடிக்காமல், ஈரத்துணியால் துடைத்தே பல பத்தாண்டுகள் ஓட்டிய சுவர்கள் அவை.

வேலையின் வரிசை இப்படி. சுண்ணாம்பைக் காளவாயில் சுட்டு, தொட்டியில் நீற்றி, சலித்து, தண்ணீருக்கடியில் புளிக்க விடுவார்கள். எவ்வளவு நாள் கிடக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது கொத்தனார்களின் கணக்கு. ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகத்தவர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1998இல் இதற்கு விளக்கம் தந்தார்கள். தண்ணீரில் கிடக்கக் கிடக்கச் சுண்ணாம்பின் படிகங்கள் சிறுத்துத் தட்டையாகின்றன. அதனால் பூச்சு இழைவாக வருகிறது, காற்றோடு விரைவாகவும் சேர்கிறது. அதன் பின் மணலோடு செக்கில் போட்டு மாடு கட்டி அரைப்பது. அரைக்கும்போது ஊற்றுவது கடுக்காய்த் தண்ணீர்: இடித்த கடுக்காயையும் வெல்லத்தையும் சில நாள்கள் ஊறப்போட்டு, நுரைத்துப் புளித்து வந்த நீர்.

இந்த இரண்டுக்கும் வேலை வேறு வேறு. சுண்ணாம்பு வெறும் தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு கிராம்கூடக் கரையாது. சர்க்கரை கலந்த நீரில் பல மடங்கு கரையும், ஏனெனில் சர்க்கரை கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. கரைந்த சுண்ணாம்பு துகள்களுக்கிடையே ஊடுருவி, பிறகு படிகமாகி, ஒன்றோடொன்று கோத்துக்கொள்கிறது. புளிக்கும்போது எழும் கரியமில வாயு சாந்துக்குள்ளிருந்தே இறுக்கத்தைத் தொடங்கிவைக்கும். (சிமெண்டில் இதே சர்க்கரை சிறிதளவு கூடினாலும் கலவை இறுகாமல் கெட்டுப்போகலாம். வெல்லம் சேர்த்தால் எந்தச் சாந்தும் வலுப்படும் என்று நம்பி சிமெண்டில் கரைப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.) கடுக்காயின் சரக்கு அதன் துவர்ப்பு. உலர்ந்த காயின் எடையில் மூன்றிலொரு பங்கு வரை டானின் இருக்கும். தோல் பதனிடுபவர்களும் கலம்காரிச் சாயக்காரர்களும் அதற்காகவே கடுக்காயைத் தேடுகிறார்கள். சாந்தில் அது துகள்கள் கட்டிதட்டாமல் பிரித்து வைக்கிறது. அதனால் குறைந்த தண்ணீரிலேயே கலவை இளகிக்கொடுக்கும். தண்ணீர் குறைந்தால் காயும்போது வெடிப்பும் குறையும். இன்றைய கான்கிரீட்டில் பிளாஸ்டிசைசர் என்று விலைகொடுத்து ஊற்றும் திரவத்தின் வேலையும் இதுதான்.

பூச்சு அடுக்கடுக்காக ஏறுகிறது. முதலில் பருமணல் கலந்த கனத்த அடுக்கு, அதன் மேல் மெல்லிய மணலோடு அடுத்தது, கடைசியில் மணலே இல்லாமல் சலித்தெடுத்த சுண்ணாம்பும் வெள்ளைக்கருவும். கடைசி அடுக்கு ஈரம் உலர்வதற்குள் கரணையாலும், பிறகு வழுவழுப்பான கூழாங்கல்லாலும் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுவர் சில நாள்களுக்கு வியர்க்கும். வியர்க்க வியர்க்கத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், ஒற்றாமல் விட்டால் திட்டுத் திட்டாகப் படிந்துவிடும்.

இதற்குள் நடப்பது வெறும் ஒட்டு வேலையல்ல என்பதுதான் முக்கியம். சீனத்தில் ஒட்டும் அரிசிக் கஞ்சியைச் சுண்ணாம்பில் சேர்த்துக் கோட்டைச் சுவர்களும் கல்லறைகளும் கட்டினார்கள். செஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் அந்தச் சாந்தை நுண்ணோக்கியில் பார்த்து வெளியிட்ட முடிவு இது: கஞ்சியிலுள்ள அமைலோபெக்டின் என்ற மாவுப்பொருள், கால்சியம் கார்பனேட் படிகங்களைப் பெரிதாக வளரவிடாமல் தடுக்கிறது. படிகம் சிறுத்தால் அமைப்பு நெருக்கமாகும், வலு கூடும். முட்டைப் புரதம் சுண்ணாம்பில் சேரும்போதும் இதே வகையான கட்டுப்பாடு நிகழ்கிறது. சிப்பியின் உள்முத்துப் பூச்சை இயற்கை உண்டாக்கும் வழியும் இதுவே. அதில் ஏறத்தாழ 95 சதவீதம் கனிமம், 5 சதவீதம் புரதமும் பிறவும். அந்த ஐந்து சதவீதத்தால் அது வெறும் கனிமத்தைப்போல் எளிதில் உடையாது. கரிமப் பொருளைச் சிறிதளவு சேர்த்துக் கனிமத்தின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் இந்த முறையை உயிரிப்போலிப் பொருள்கள் என்ற பெயரில் இன்று ஆய்வகங்கள் துரத்துகின்றன. வேலூர் விஐடியில் பழைய கோயில் சாந்துகளில் சேர்ந்த மூலிகைகளைப் பற்றி ஆய்வு நடந்திருக்கிறது. திருச்சூர் வடக்குந்நாதன் கோயிலில் மூலிகைச் சாறு சேர்த்த சுண்ணாம்புச் சாந்தால் நடந்த சீரமைப்புக்கு 2015இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது.

ஆத்தங்குடிக்குப் போகிறவர்கள் அங்குள்ள தரை ஓடுகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுவதுண்டு. அது சரியல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவை ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் இட்டு, வெயிலில் காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போடுவது ஆத்தங்குடி முறை. சூளை இல்லை என்பது அதன் பெருமை. சிமெண்ட் இருக்கிறது என்பதும் உண்மை. சுவர்ப்பூச்சின் தங்கச்சி என்று சொல்லலாம், வாரிசு அல்ல.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடித்த வீடுகளின் தேக்குத் தூண், நிலைக்கதவு, பெல்ஜியக் கண்ணாடி, பீங்கான், எனாமல் வாளி எல்லாம் அங்கே விலைக்குக் கிடைக்கும். அந்த வீடுகளில் வேலைத்திறனின் உச்சமான பூச்சு மட்டும் அங்கே வராது. அது இடிபாட்டோடு லாரியில் ஏறிப் பள்ளம் நிரப்பப் போகிறது. சுவரைப் பெயர்த்து விற்க முடியாது என்பதால் சந்தை அதற்கு விலை வைக்கவில்லை. கடுக்காய்க்கோ முட்டைக்கோ இன்று தட்டுப்பாடு இல்லை. நாட்கணக்கில் புளிக்கவிட இடமும், அரைக்கக் கூலியும், வியர்வை ஒற்ற ஆளும் கேட்கும் வேலைக்கு ஒப்பந்தப் பத்திரத்தில் பத்தி இல்லை.

காரைக்குடியிலிருந்து சென்னைக்கு ஓரிரவு ரயில். செட்டிநாட்டுப் பூச்சின் மூத்த உறவு அங்கே இருக்கிறது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வந்த ஐரோப்பியர்கள் பளிங்கு என்று ஏமாந்து எழுதிய மெட்ராஸ் சுண்ணாம்பு அது. செயின்ட் ஹெலனா தீவின் ஆளுநராயிருந்த ஐசக் பைக், மெட்ராஸில் நல்ல சாந்து செய்யும் முறையை எழுதி அனுப்ப, லண்டன் ராயல் சொசைட்டி அதை 1732இல் தன் ஆய்விதழில் வெளியிட்டது. மணலும் சுண்ணாம்பும் சம அளவு. அதில் வெல்லக் கரைசலைத் தெளித்து இடிப்பது. பயற்றை வேகவைத்துக் கூழாக்கி வடிகட்டிய நீர். அதேபோல வேகவைத்த கடுக்காயின் நீர். இந்த நீரில் வேலையாட்கள் கொஞ்சம் சுண்ணாம்பைக் கலந்து வைப்பார்கள் என்றும், இல்லாவிட்டால் கூலியாட்கள் அதைக் குடித்துவிடுவார்கள் என்றும் பைக் குறித்திருக்கிறார். கட்டுமானப் பொருள் குறித்த ஆய்வுக்கட்டுரையில் பசியைப் பற்றிய செய்தி வந்துவிழுவது அபூர்வம்.

பிற்காலத்து மெட்ராஸ் பொறியாளர்களின் குறிப்புகளில் கடைசிப் பூச்சுக்கு வெள்ளைக்கருவோடு தயிர், நெய், பலபக்கல் (மாக்கல்) பொடி ஆகியவையும் வருகின்றன. ஆடம்பரம் போலத் தோன்றும். வேதியியல் அப்படிச் சொல்லவில்லை. தயிரின் கேசீன் புரதம் சுண்ணாம்போடு சேர்ந்தால் ஈரம் தாங்கும் பசையாகிறது. முதல் உலகப்போர்க் காலத்து மர விமானங்களின் இணைப்புகளை ஒட்டவும் கேசீன் பசைதான் பயன்பட்டது. நெய்யின் கொழுப்பு அமிலங்கள் சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத சோப்பாகின்றன. அதன் மேல் மழைநீர் ஒட்டாது. மொராக்கோவின் மராகேஷ் நகரத்துக் குளியலறைச் சுவர்களில் ஆலிவ் எண்ணெய்ச் சோப்பைத் தேய்த்து மெருகேற்றுவதும், இன்றைய நீர்விலக்கிக் கலவைகளில் கால்சியம் ஸ்டியரேட் சேர்ப்பதும் இதே அடிப்படையில்தான். பலபக்கல் மென்மையான கனிமம்; தேய்ப்புக்கு வழுக்கலும் மினுக்கும் அதிலிருந்து வரும்.

ஓமந்தூரார் அரசினர் தோட்டத்திலுள்ள ராஜாஜி மண்டபம் 1802இல் விருந்து மண்டபமாகத் திறக்கப்பட்டபோது அதன் உட்சுவர்களும் தூண்களும் இந்தப் பூச்சில் மின்னின. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் சேப்பாக்கம் அரண்மனை, 1768இல் ஆற்காட்டு நவாபுக்காகக் கட்டப்பட்டது. அதன் கலச மகால் 2012 ஜனவரியில் தீக்கிரையானது. பொதுப்பணித் துறை அதையும் பின்னர் அருகிலுள்ள ஹுமாயூன் மகாலையும் சீரமைத்தபோது சிமெண்டை ஒதுக்கிச் சுண்ணாம்புச் சாந்துக்குத் திரும்பியது. மாட்டுச் செக்கு இருந்த இடத்தில் இப்போது மோட்டார் ஓடும் அரைவை இயந்திரம். கடுக்காயும் வெல்லமும் ஊறும் தொட்டிக்கு மட்டும் இயந்திர மாற்று இல்லை. நுரை அடங்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

சுண்ணாம்புக்குத் திரும்பியதற்குக் காரணம் பழமைப் பற்று மட்டுமல்ல. பழைய சுவரில் சிமெண்டால் ஒட்டுப் போட்டால், ஈரம் அந்த ஒட்டின் வழியே ஆவியாக முடியாமல் சுற்றியுள்ள சுண்ணாம்புக்குத் திரும்பும். ஈரம் கொண்டுவரும் உப்பு அங்கே படிகமாகி, ஒட்டு அப்படியே இருக்க, அதைச் சுற்றிய பழைய பூச்சு பொரிந்து உதிரும். அதனால் பழுதுபார்க்கும் முறையும் தலைகீழாகிறது. முதலில் சிமெண்டைக் கொத்தி எடுக்க வேண்டும். சுவரை நன்றாக நனைக்க வேண்டும். சாந்தை மெல்லிய அடுக்குகளாக ஏற்றி, ஒன்று இறுகிய பிறகே அடுத்ததைப் பூச வேண்டும். ஈரச் சாக்குத் தொங்கவிட்டு வேகமாகக் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீற்றும் சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் பொசுக்கும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சிமெண்டின் வலுவை 28ஆம் நாளில் சோதிப்பது வழக்கம். அந்த அளவுகோலில் சுண்ணாம்புப் பூச்சு எப்போதும் தோற்கும், ஏனெனில் அது முழுமையாக இறுக மாதங்களும் கனத்த சுவராயின் ஆண்டுகளும் பிடிக்கும். கொத்தி எடுத்த பழைய காரையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இடித்துச் சலித்தால் புதுச் சாந்தில் மணலின் ஒரு பங்குக்கு ஈடாகச் சேரும்.